நகம் மாட்டும் இடம்

ருஸ்தாவி கார்ச் சந்தையில் பதினோராவது வரிசை,
தகரக் கூரை, ஒற்றை விளக்கு, நான்.
அமெரிக்காவில் அடிபட்டு, போத்தி துறைமுகத்தில் இறங்கி
வண்டிகள் இங்கே வரும்போது
முன்கண்ணாடியில் மஞ்சள் மையில் ஓர் ஏல எண் இருக்கும்.
வேறு பூர்வீகம் எதுவும் இருக்காது.

நேற்று வந்தது சாம்பல் நிறம்.
நசுங்கிய வலப்பக்கத்தை ஜும்பெர் தட்டி நிமிர்த்தி,
வேறொரு கதவு மாட்டி, நிறம் கலந்து அடித்துவிட்டான்.
'இடப்பக்கம் வெறும் கீறல்தான் நடேலா,
சாயங்காலத்துக்குள் முடி' என்று
சிகரெட்டோடு போனான்.

வெறும் கீறல்.
முதலில் கழுவினேன், இரண்டு வாளி.
கழுவாமல் துடைக்கிறவன் தூசியையே உளியாக்குகிறான்.
பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
நேர் வெளிச்சம் எதையும் காட்டிக்கொடுக்காது,
சாய்ந்த வெளிச்சம்தான் கோள் சொல்லும்.

ஓட்டுநர் கதவில், கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண்,
நாலு நாலாக இறங்கிய கோடுகள்.
சாவி இப்படிக் கீறாது.
முள்வேலி படுக்கையாக இழுக்கும், இவை நின்றவாக்கில் இருந்தன.

நாய்.
பெரிய நாய், பின்னங்காலில் நின்றால் என் விலா உயரம்.
பழைய கோட்டில் மெழுகு அடைத்து வெளுத்திருக்க
புதிய கோடு அதைக் குறுக்கே வெட்டிப் போயிருந்தது.
ஒருநாள் வேலையில்லை இது.
யாரோ தினமும் வீடு திரும்பியிருக்கிறார்கள்.
கதவு திறக்கும்வரை பொறுக்காமல்
தினமும் அது தாவியிருக்கிறது.
யாரும் அதட்டவில்லை, அல்லது
அதட்டியும் அது கேட்கவில்லை.

வலப்பக்கம் என்ன ஆயிற்று என்று
நான் யோசிப்பதில்லை.
இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே
அதை நிறுத்திவிட்டேன்.

கீறலுக்கு ஒரே சோதனை, விரல் நகம்.
குறுக்கே இழுத்துப் பார். வழுக்கினால்
மேல்பூச்சோடு நின்றது, தேய்த்தால் போகும்.
மாட்டினால் நிறத்துக்குள் இறங்கிவிட்டது,
தேய்ப்பவளுக்கு அங்கே வேலையில்லை.
முப்பத்தைந்து வழுக்கின.
ஒன்று மாட்டியது.

இரண்டாயிரம் நம்பர் தாளை நனைத்து
ஒரே திசையில் இழுத்தேன், நீர் பால்போல் வெளுத்து வழிய.
மூச்சு பட்ட கண்ணாடியாகக் கதவு மங்கிப்போனது.
இந்தக் கட்டத்தில் வண்டிக்காரர்கள் யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது,
கெடுத்துவிட்டாள் என்று கத்துவார்கள்.
பிறகு பசை, கம்பளி வட்டு, மெதுவான சுற்று.
மடிப்பு வரும்போது கையைத் தூக்கவேண்டும்,
அங்கே பூச்சு வெங்காயத் தோல்.
அளவுமானி தொடங்கும்போது நூற்றுப் பதினெட்டு காட்டியது,
முடிந்தபோது நூற்று ஒன்பது.

'கீறல் எடுக்கப்படும்' என்று வாசல் பலகையில் இருக்கிறது.
பொய்.
கீறல் ஒரு குழி, குழியை எப்படி எடுப்பது?
சுற்றி நன்றாக இருந்ததையெல்லாம்
அதன் ஆழத்துக்கு இறக்குகிறேன்.
மினுமினுப்பு என்று நீங்கள் காசு கொடுப்பது
எல்லா இடமும் ஒரே அளவு இழந்திருப்பதற்கு.

ஆறு மணிக்கு ஹ்ராயர் வந்தான், கியூம்ரிக்கு ஓட்டிப்போக.
வண்டியை ஒரு சுற்று வந்தான், குனியவே இல்லை,
நேராக அந்த ஒன்றில் கட்டைவிரலை வைத்தான்.
'இது?'
'நிறம் அடிக்கவேண்டும். எழுபது டாலர், இரண்டு நாள்.'
'என்ன கீறியது?'
ஆடு என்றேன்.
நாய் என்றால் அடுத்து, யாருடைய நாய் என்று வரும்.
'ஆடு முட்டினால் நசுங்கும், கீறாது.
எங்கள் வீட்டில் நாற்பது ஆடு' என்று சிரித்தான்.
'முப்பது டாலர் குறை.'

ஜும்பெர் இருபதுக்கு இறங்கினான்.
ரசீதில் கழிவுக்குக் காரணம் என்ற கட்டத்தில்
கீறல், ஒன்று, என்று எழுதினேன்.

புறப்பட ஹாரன் அடிக்கவேண்டியிருந்தது.
காதில் நகராட்சியின் மஞ்சள் வில்லையோடு
சந்தை நாய் ஒன்று வண்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.
அது எழுந்தது, யாரையும் பார்க்கவில்லை,
பக்கத்து வண்டி நிழலில் போய்ப் படுத்தது.

இயந்திரம் நின்று ஒரு மணி ஆகியும்
என் கைக்குள் வட்டு சுற்றிக்கொண்டிருந்தது.
தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தேன்.