மீதி வாளிகள்

வக்ராவில் கடலைப் பார்த்த வில்லா.
அறை அறையாக வந்துபோனாள் அந்த அம்மா,
கையில் விசிறிபோல் விரியும் வண்ண அட்டை.
படுக்கையறைக்கு இந்த நீலம், நாடித்துடிப்பு இறங்கும்.
சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் ஆரஞ்சு, பசி கிளம்பும்.
படிக்கிற பையனுக்குப் பச்சை.
சிவப்பு கூடவே கூடாது, வீட்டில் சண்டை வரும்.
எல்லாவற்றையும் தமிழில் சொன்ன போர்மேன் குகதாசன்
தன் பங்குக்குச் சேர்த்தது ஒன்றுதான்:
ரெண்டு கோட்டு, வியாழனுக்குள்ள.

அந்த நீலத்தை நான்கு முறை மாற்றினார்கள்.
மூன்றாவதற்கும் நான்காவதற்கும் வித்தியாசம்
தெரிந்தது எனக்கும் அந்த அம்மாவுக்கும் மட்டும்.
ஒரு கணம் இருவரும்
ஒரே சுவரைப் பார்த்துத் தலையாட்டினோம்.
பிறகு அவள் தன் செருப்பில் விழுந்த சொட்டைக் காட்டினாள்.
துடைத்தேன்.

மீந்த வாளிகள் கம்பெனி பஸ்ஸில்
என் காலடியில் வந்தன சனையா வரை,
ஒவ்வொரு ரவுண்டானாவுக்கும்
ஒருதரம் க்ளக் என்று.

எங்கள் அறையில் எட்டுப் பேர், நான்கு இரட்டைக் கட்டில்.
சுவர் ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும்,
இப்போது ஆறிப்போன டீயின் ஆடை.
அதைத் தொட்டால் அபராதம் என்று
கதவில் ஐந்து மொழியில் ஒட்டியிருக்கிறது.
தமிழில் மட்டும் ‘சுவறை’.

பெத்துராசுதான் கண்டுபிடித்தான், மல்லாந்து படுத்தபடி.
“கீழ்க்கட்டில்காரனுக்குச் சுவர் எதுக்குடா?
கண்ணத் தொறந்தா எனக்குத் தெரியறது
மேல படுத்திருக்கிறவனோட பலகை.”
நோட்டீசில் பலகையைப் பற்றி
ஒரு வார்த்தையும் இல்லை.

வெள்ளிக்கிழமை மெத்தைகளைத் தூக்கி நிறுத்தினோம்.

பெத்துராசு டவர் கிரேன் ஓட்டுகிறவன்,
நாள் முழுக்க வானத்தில் உட்கார்ந்திருப்பவன்.
நீலம் வேண்டாமென்றான். செங்கல் நிறம் கேட்டான்.
கலந்து பூசினேன்.
“இப்பத்தான் கால் தரையில படுது” என்றான்
படுத்துக்கொண்டே.

சேவியர் மணப்பாட்டுக்காரன், நீலத்துக்கு ஆசைப்படுவான்
என்று நானாகவே பிரஷை முக்கினேன்.
“கடலைத் தலைக்கு மேல வைக்காதே.”
அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.
அவனுக்கு ஆரஞ்சு போனது.
ரெண்டே நாளில் புகார்:
ராத்திரி பதினோரு மணிக்கு வயிறு கேக்குது,
குப்பூஸ் டப்பா காலி.

நைனா முகமதுக்கு இரவுக் காவல்.
மிச்சமிருந்த பச்சை, நீலம் எல்லாவற்றையும்
ஒரே வாளியில் ஊற்றி
கறுப்பு ஸ்டெயினரையும் சரித்தேன்.
எந்த அட்டையிலும் பெயரில்லாத ஓர் இருட்டு வந்தது.
“இதுதான்” என்றான்.
“பகல்ல தூங்குறவனுக்கு
ராத்திரியை யாராச்சும் செஞ்சுதான் தரணும்.”

மேல்கட்டில்காரர்கள் கூரை கேட்டார்கள்.
கூரை சுவரா இல்லையா என்று வழக்கு.
தில் பகதூர் நோட்டீசை நேபாளியில் இருமுறை படித்து
கூரையும் சுவர்தான் என்று தீர்ப்புச் சொன்னான்,
அவனும் மேல்கட்டில்தான்.

செவ்வாயன்று வாடை பிடித்து வந்தார் கேம்ப் பாஸ்.
குனிந்து பார்த்தார்.
சத்தம் போட வாயைத் திறந்தவர்
பெத்துராசின் கட்டிலில் உட்கார்ந்து
ஷூவோடு சாய்ந்து
மேலே பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தார்.
எழுந்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று போய்விட்டார்.
பெயர் எழுதவில்லை.

சம்பளம் அந்த மாதமும் பதினேழாம் தேதிதான்.
எந்த நிறமும் அதை ஒருநாள் முன்னால் இழுக்கவில்லை.

என் பலகையை மட்டும் நான் தொடவில்லை.
பத்து மணி நேரம்
அடுத்தவர் மனநிலையை
சுவர் சுவராகப் பூசிவிட்டு வருகிறேன்.
எனக்கு ப்ளைவுட் போதும்.
அதில் ரேகைகள், ஒரு கணு,
எனக்கு முன்னால் இங்கே படுத்தவன்
நகத்தால் கீறிய நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
எதை எண்ணினானோ.

படுத்ததும் விரலால் அதைத் தடவிப் பார்ப்பேன்.
யாரோ விளக்கை அணைப்பார்கள்.
அப்போது நைனா வேலையில் இருப்பான்,
எல்லாப் பலகையும்
நைனாவின் பலகை ஆகும்.