முயலுக்கு மூன்று கால்

சென்னை சுங்கத்தில் நான்கு நாள் கிடந்து
ஐஸ் வற்றி
ஆம்னி பஸ்ஸின் வயிற்றில் வந்தது பெட்டி.
காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில்
கையெழுத்துப் போட்டு வாங்கிய செபஸ்தியான்
பெட்ரோல் டேங்க் மேல்
பிள்ளையைப்போல் உட்காரவைத்துக் கொண்டுவந்தான்.
உள்ளே ஒரு குப்பி.
மொத்தம் இரண்டு சொட்டு.
நாற்பத்தாறாயிரம் ரூபாய்.

எங்கோ ஒரு முயலின் ரத்தத்திலிருந்து எடுத்தது.
நரம்பும் நரம்பும் பேசிக்கொள்ளும் இடுக்கில்
ஒரே ஒரு புரதத்தைத்
தேடிப் போய்ப் பற்றுமாம்.
எதிர்ப்பொருள் என்கிறது பாடநூல்.
ஒரு பொருளுக்கு ஒன்றுதான்.
அகராதிக்கே இல்லாத கறார்.

தீர்ந்துபோகவிருந்த பழைய குப்பியிலும்
இதே லேபிள்.
அதை வைத்து மூன்று வருஷம்
எலி மூளையில் பச்சைப் புள்ளி எண்ணினேன்.
பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம்.
கற்கக் கற்கப் புள்ளி கூடுகிறது என்று
திருவனந்தபுரத்தில் மேடையேறிச் சொன்னேன்.
கைதட்டினார்கள்.

இந்த முறை பெங்களூரிலிருந்து
அந்தப் புரதம் இல்லாமலே பிறந்த எலியின்
மூளைச் சீவல்கள் கொஞ்சம் கிடைத்தன.
சும்மா, ஒப்பிட்டுப் பார்க்க.
பழைய குப்பியில் ஒன்று, புதியதில் ஒன்று.
மேலே, முயலைப் பிடிக்கும்
பச்சைச் சாயமேற்றிய ஆட்டின் எதிர்ப்பொருள்.
இருட்டறையில் கண்ணை வைத்தேன்.

பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கு
சீரியல் செட் போட்டதுபோல
இரண்டிலும்
இல்லாதது எரிந்துகொண்டிருந்தது.

"கழுவினது போதாது" என்றார் உமையாள் மேடம்.
சம்பை ஊற்றுத் தண்ணீரே ஆகாத வேலை இது.
காய்ச்சி வடித்த நீரில்
விரல்நுனி சுருங்கச் சுருங்கக் கழுவினேன்.
எரிந்தது.
ஜெனரேட்டர் இரைச்சலில் மூன்றாவது தடவை.
எரிந்தது.
மேடம் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
"தான் பிடிச்ச முயலுக்கு..."
மீதியைச் சொல்லவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.
"கட்டுரையில என் பேரும் இருக்கு, அழகம்மை."
"தெரியும் மேடம்."
வெளியே டவுன்பஸ் ஒன்று
கோட்டையூர் கோட்டையூர் என்று கூவிப் போனது.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுத உட்கார்ந்தேன்.
முதல் வரி வரவே இல்லை.
இரண்டாவது வரி வந்தது:
எண்ணியது சரி, எண்ணப்பட்டது எதுவென்று தெரியவில்லை.

குப்பியைக் குப்பையில் போடவா என்றான் செபஸ்தியான்.
நாற்பத்தாறாயிரமாச்சே என்று
அவனே தயங்கினான்.
வாங்கி, மார்க்கர் பேனாவால்
நாலு கால் என்று எழுதி
உறைபெட்டியின் பின்வரிசையில் வைத்தேன்.
காலை ஏழு மணிக்கு
கூண்டு எலிகளுக்குத் தீனி போடும் முறை
அன்றைக்கு என்னுடையது.