சேதம் எனும் கட்டம்

ஒண்டிக்கடைப் பக்கம், காப்பிக் கிடங்காய் இருந்த அறை.
ஈரமானி எண்பத்து நான்கு காட்டுகிறது.
ஜன்னலைச் சாத்தினாலும் மஞ்சு
வாடகை கொடுத்தவன்போல் உள்ளே வருகிறது.

சௌடாம்பிகையின் பெட்டிகள் பதினொன்று.
குகையிலிருந்து டெம்போவில்
இருபது கொண்டை ஊசி ஏறி வந்தவை.
ஆறு மல்கோவா அட்டை, நாலு தகரம்,
பெட்டிக் கணக்கில் சேர்ந்துவிட்ட
ஒரு ஜவ்வரிசி மூட்டை, வாய் தைத்தது.

அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது ஓட்டைத் துணி.
சுவர் உயரச் சேலையில் வட்டம் வட்டமாய் வெட்டி
அதன் வழியே, அந்தப் பக்கம் நிற்பவரின்
காது, கைக்கடிகாரம், கொஞ்சம் தோள்.
'இன்மையை நெய்தவர்' என்றது ஒரு விழா மலர்.
மலர் இரண்டாம் பெட்டியில் இருக்கிறது.
பதிவு எண் கொடுத்தாகிவிட்டது.

என் வேலை அதற்கு முந்தியது,
எழுபத்தொன்று முதல் எழுபத்தெட்டு வரை.
படிவத்தில் நீளம், அகலம், பாவு, ஊடை, சாயம் எல்லாம் தாண்டி
எட்டாவது கட்டம் வேலைப்பாடு.
ஒன்பதாவது சேதம்.

மூன்று நாள் சிக்கலில்லை.
கட்டம் போட்ட துண்டு, கோடு போட்ட துண்டு,
கரையில் என்னவோ எடுக்கப் போய்
வாத்தாய் முடிந்த ஒரு துண்டு.
(எழுதினேன்: பறவை.)

நாலாம் நாள் மூட்டை.
இருபதாம் நம்பர் நூல், வெள்ளை, ஐந்து முழம்,
கிழங்குமாவுக் கஞ்சியின் மொடமொடப்பு இன்னும் போகவில்லை.
அந்தக் கஞ்சிக்குத்தான் வந்திருக்கிறது ராமபாணம்.
எய்தவன் எங்கேயோ இருக்க
அம்பு மட்டும் ஆறு காலில் ஓடுகிறது.
முப்பத்தேழு ஓட்டை.
சேதம் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

அப்புறம் லென்ஸ் வைத்தேன்.
பத்தொன்பதைச் சுற்றி
வாடாமல்லி நூலில் காஜா எடுத்திருந்தது,
சட்டைக்கு எடுப்பதுபோல் நெருக்கமாய்.
பொத்தான் எங்குமில்லை.
ஐந்தின் ஓரம் கத்தரி போன நேர்.
பூச்சி அப்படி வெட்டாது.
மீதிப் பதின்மூன்றின் கீழே
புதுத் தூள்.

சேலத்துக்குப் போன் போட்டேன்.
"பூச்சி முதலாம்மா, நீங்க முதலா?"
"எந்தப் பூச்சி? ஓ, அதுவா.
ஆஸ்பத்திரிக்கு எடுத்த விரிப்பு, கூலிக்கு.
ஓட்டைன்னு திருப்பிட்டான். முப்பது ரூபாய் போச்சு.
அவனைத் திட்டிக்கிட்டே ஒரு வாரம் தைச்சேன்.
நூல் தீர்ந்துது, கோவம் தீரலை.
கத்தரி பக்கத்துல இருந்துது."
வைக்குமுன் கேட்டார்:
"என் அன்னம் கிடைச்சுதா?"
கிடைத்தது என்றேன்.

பூச்சி சாக உறைய வை என்கிறது கையேடு.
ஏரிக்கரையில் பெலவேந்திரன்
தன் ஐஸ்கிரீம் பெட்டியில் இடம் ஒதுக்கினார்.
இரண்டு வாரம், பிஸ்தாவுக்கும் வெனிலாவுக்கும் நடுவே
பாலிதீன் சுற்றிய விரிப்பு.
மீனா என்று கேட்டானாம் ஒரு சுற்றுலாப் பையன்.

வேலைப்பாடு: இருபத்து நான்கு.
சேதம்: பதின்மூன்று.
மூட்டை என் அறைக்கு வந்து நாற்பது நாள்.
அந்தப் பதின்மூன்றில் என் காவலில் விழுந்தவை எத்தனை என்று
படிவம் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பழைய தாளைத் தேடி எடுத்து
பறவையை அடித்துவிட்டு
அன்னம் என்று எழுதினேன்.
கால் என்னவோ வாத்துக் கால்தான்.