தடைகள் ஏதேனும்?

ஏழு பத்துக்கு எங்கள் வீட்டில் கூட்டம்.
நின்றுகொண்டுதான். உட்கார்ந்தால் நீளும்,
அலுவலகம் கற்றுத் தந்தது.
அடுப்பு மேடை ஓரம் மூவர்:
குக்கர் விசிலை எண்ணும் பிருந்தா,
ஒரு காலில் மட்டும் ஷூவோடு யாழிசை,
நான்.

நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய்,
தடைகள் ஏதேனும்?

சிரிக்காதீர்கள்.
மாரத்தஹள்ளியில் மூன்று டீம்களை
இந்த மூன்று கேள்விகளால்தான் மேய்க்கிறேன்.
தண்ணீர் லாரி வராமல், கேஸ் தீர்ந்து,
கட்ட மறந்த கரண்ட் பில்லுக்காக
ஒரு வெள்ளிக்கிழமை இருட்டில் உட்கார்ந்திருந்தபோது
புரிந்தது,
எல்லாம் யாருக்கும் ஒதுக்காத வேலைகள்.

ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று பத்திகள்.
அடுத்து. நடக்கிறது. முடிந்தது.
எனக்கு மஞ்சள் சீட்டு, பிருந்தாவுக்குப் பச்சை,
இளஞ்சிவப்பு யாழிசைக்கு.
முதல் மாதமே முடிந்தது நிரம்பி வழிந்தது.
தண்ணீர் வடிகட்டி மாற்றம், பாஸ்போர்ட்,
மச்சானுக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்டல்
(அதற்கு மட்டும் எட்டுப் புள்ளி).

யாழிசைக்கு ஒரே சீட்டு:
'பல் விழணும்.'
நடக்கிறது பத்தியில், மூன்று வாரமாக.

மதிப்பீடு கேட்டேன்.
நாக்கால் தள்ளிப் பார்த்து
ஆடுது, என்றாள்.
எத்தனை சதவீதம்?
நிறைய ஆடுது.

விழுந்த பல்லைக் கூரையில் எறிவது
பிருந்தா வீட்டு வழக்கம்.
பதினாலு மாடிக்கும் பொதுவாக ஒரே கூரை.
மொட்டைமாடிச் சாவி சங்கத்திடம்,
சங்கம் செயலாளர் குல்கர்னியிடம்,
குல்கர்னி ஹூப்ளியில், மகள் பிரசவத்துக்கு.
ஆகவே ஒரு மின்னஞ்சல், இரண்டு நினைவூட்டல்,
காவலாளி பசவராஜுவுக்கு
முன்கூட்டியே ஒரு டீ.
இடர்ப் பட்டியலும் போட்டேன்:
பள்ளியில் விழுதல், தூக்கத்தில் விழுதல்.
பிருந்தாவின் பழைய கம்மல் டப்பா ஒன்று
பஞ்சு வைத்து
பள்ளிப் பையின் முன் ஜிப்பில் தயார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் முறை.
நேற்று?
ஒண்ணும் செய்யல.
இன்னைக்கு?
ஒண்ணும் செய்ய மாட்டேன்.
தடைகள்?
ஷூ போடாத காலை ஆட்டிக்கொண்டே
'நீதான்' என்றாள்.

பிருந்தா விசில் எண்ணுவதை விட்டுவிட்டாள்.
பழக்க தோஷம், நான் எழுதிக்கொண்டேன்.
தடை: அப்பா.
பொறுப்பு: அப்பா.
கெடு தேதி, அங்கே
பேனா கொஞ்சம் நின்றது.
எட்டு மணிக்கு வாடிக்கையாளர் கால். கிளம்பிவிட்டேன்.

அன்று வெளிவட்டச் சாலையில் மழை.
இப்பலூர் தாண்டவே ஒன்றே கால் மணி நேரம்.
வீட்டுக்குள் நுழைந்தபோது ஒன்பதரை,
அவள் தூங்கியிருந்தாள்.
இளஞ்சிவப்புச் சீட்டு
முடிந்தது பத்திக்குப் போயிருந்தது,
தலைகீழாக, அவள் கை எட்டும் உயரத்தில்.

எங்கே, என்றேன்.
இட்லியோட உள்ள போயிடுச்சு.
அழுதாளா?
சிரிச்சா. சிரிச்சப்பதான் ஓட்டையே தெரிஞ்சது.
நீ பாத்திருக்கணும், என்றாள் பிருந்தா,
பாத்திரத்தைத் துடைத்தபடி, சாதாரணமாக.
சாதாரணமாகச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

விழுங்கல்,
பட்டியலில் அது மட்டும் இல்லை.

குல்கர்னியின் பதில் மறுநாள் வந்தது:
அனுமதிக்கப்படுகிறது. ஞாயிறு, பத்து முதல் பத்தரை வரை.

போனோம்.
எறிய ஒன்றுமில்லாமல், மூன்று பேரும்.
சூடேறிய தண்ணீர்த் தொட்டி மூடிமேல்
யாழிசை மல்லாந்து படுத்து
தாழப் பறந்த ஒவ்வொரு விமானத்துக்கும்
வாயைத் திறந்து காட்டினாள்.
பிறகு எனக்கு.
ஈறில் கொஞ்சம் ரத்தம் உறைந்திருந்தது.
தொட்டுப் பார்க்கச் சொன்னாள், தொட்டேன்,
கடித்தாள்.

பத்து முப்பத்தெட்டு.
சாவிக்கொத்தோடு வாசலில் பசவராஜு.
ஆயித்தா சார்?

இன்னும் இல்லை, என்றேன்.