கையொப்பம்

திருக்கோணமலை ஆசுபத்திரி, பிரசவ வாட்டு.
துறைமுகத்தில் சீமெந்துக் கப்பலொன்று
ஊதி ஊதி நிற்கிறது.

பௌமிலா மிஸி படிவத்தை நீட்டினா:
“கொடி ரத்தம். எறியப் போறதுதானே.
அதிலதான் மூலக்கலம் எடுப்பாங்க.
ஒருத்தருக்கும் நோகாது.”

கொழும்பில், உறைகுளிர்க் குழாய்களில்
எனக்கு இன்னும் மூன்று பேர்.
பேர் என்பதா, புள்ளி என்பதா?
ஆய்வுக்குத் தரலாமா என்று வந்த கடிதம்
இரண்டு வருடமாய் அலுமாரியில்,
கலியாணச் சேலைக்குக் கீழே.

இதற்கென்றால் சட்டென்று போட்டேன்.

பேனையைத் திருப்பிக் கொடுக்கையில்தான் பார்த்தேன்:
படிவம் முழுக்கச் சிங்களம்.
யாருக்கு, என்ன விலைக்கு, எத்தனை வருடத்துக்கு
நான் கேட்கவில்லை.
ரத்தம் உள்ளே கிடப்பவனுடையது;
அவனை யாரும் கேட்கவில்லை.

மிஸி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டா.
“நோகாது” என்பது அங்கேயும் கேட்டது.

எனக்கு
அடுத்த நோவு வந்தது.