லேபல்

கல்முனை பஸ்நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாவது பாமசி.
கத்தரிக்கோலால் குளிசையைப் பாதியாய் வெட்டி
ஒரு மாதம் ஓட்டியதைச் சொல்லவில்லை.
துண்டை மட்டும் நீட்டினேன்.

அட்டையில் றிஸ்மியா என்றிருந்த பிள்ளை
பெட்டியைத் திருப்பிக் காட்டினாள்.
கொட்டை எழுத்தில் கம்பனி வைத்த பேர்,
அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் இன்னொன்று.
"கீழ உள்ளதுதான் அங்கிள் மருந்து.
மேல உள்ளது லேபல்."

பாண்டிருப்பில் முப்பது வருஷமாய்த் தைக்கிறேன்.
சேட்டு ஒரு மூட்டையில் வரும்,
லேபல் வேறு மூட்டையில்.
கொலரில் நாலு தையல்,
விலை இரண்டு மடங்கு.
எனக்குப்போய் இவள் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றில் ஒரு பங்கு சல்லி.
என்றாலும் கேட்டேன்:
"இது கேட்குமா, மகள்?"
"டொக்டரிட்டயும் ஒருக்கா காட்டுங்க.
ரெண்டு மாசத்தால
ரத்தம் பார்த்துட்டு வாங்க."

மிச்சக் காசு பையில் கனத்தது.
மாம்பழக் கடையில் கால் நின்றது;
சிரிப்பு வந்தது, நடந்தேன்.

ராவைக்கு மெஷினடியில்
இன்னும் இருநூறு லேபல்.
சாப்பிட்டுக் குளிசையை எடுத்தேன்.
பழக்கத்தில் கத்தரிக்கோலைத் தேடிய கை
தண்ணீர்க் கோப்பையில் போய் முட்டியது.