வருகைக் குறைவு

இசைத்துறை அலுவலகத்தில் எனக்குப் பாட்டு வேலை கிடையாது.
வருகைப் பதிவேடு, கட்டண ரசீது,
ஆர்மோனியத்தை அரிக்கும் எலிக்கு மருந்து,
இவ்வளவுதான் என் பிரிவு.

முதுகலை இரண்டாம் ஆண்டு, வரிசை எண் பதினொன்று,
க. பலவேசம்.
அறுபத்தொரு விழுக்காடு.
எழுபத்தைந்து இல்லாமல் தேர்வெழுத விடமாட்டார்கள்.
பங்குனி பிறந்ததிலிருந்து ஒரு புதன்கிழமையும் ஆளைக் காணோம்.

'எங்கல போற?'
'கொடைக்குக்கா. செவ்வா ராத்திரி ஆடுனா
விடியும்போது மூலைக்கரைப்பட்டி தாண்டிக் கெடப்பேன்.
மொத பஸ்ஸு நிக்காமப் போயிருவான்,
சீலையும் சலங்கையுமா நின்னா.'

களப்பணி என்று வண்டி பிடித்துப் போய்
இவன் ஆடியதைப் பார்த்த பத்தொன்பது பேருக்கும்
அன்றைக்கு வருகை உண்டு.
நான்தான் பதிந்தேன்.

முழங்கைக்குக் கீழே துணிக்கட்டு.
டாக்டரிடம் சீட்டு வாங்கி வா,
மருத்துவ விடுப்பில் போட்டுவிடலாம் என்றேன்.
கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.
'இது சாமிக்குக் குடுத்ததுக்கா.
நோவுன்னு எப்படி எழுத?'

இன்னொரு தாளும் அவன் கோப்பில் இருக்கிறது.
செய்முறைத் தேர்வன்று சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பனையோலை கொளுத்தியதாகக் காவலாளி புகார்.
விளக்கம் கேட்டிருந்தோம். எழுதியிருந்தான்:
'ஐயா, முந்தின நாள் மழை. மகுடத்தின் தோல் ஈரம் குடித்திருந்தது.
இரண்டில் ஒன்று உச்சம், ஒன்று மந்தம்.
தீ காட்டாவிட்டால் இரண்டும் மந்தம்.
தேர்வாளர் வெகுதூரத்திலிருந்து வந்திருந்தார்.'

எல்லோரும் போனபின் மறுபடி கூட்டினேன்,
எங்காவது ஒரு நாள் விட்டுப்போயிருக்குமோ என்று.
வந்தான் வந்தான் வரவில்லை
வந்தான் வரவில்லை
வந்தான் வந்தான் வரவில்லை
வந்தான் வரவில்லை
பேனா மூடி மேசையைத் தட்டிக்கொண்டிருந்ததை
பெருக்க வந்த செல்வமேரி
விளக்குமாற்றோடு நின்று கேட்டபோதுதான் கவனித்தேன்.
பதினாறு வருஷமாகப் பக்கத்து அறையில்
ஜதி சொல்லத் தொடங்கினால்
எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்துகிறவள் நான்.
'நிறுத்தாதீங்க மேடம்' என்றாள்.
நிறுத்திவிட்டேன்.

குறைவுக் கட்டணம் கட்ட வந்தான்.
இமையோரத்தில் மை சரியாகப் போகவில்லை.
பத்தும் இருபதுமாக, மஞ்சள் அப்பிய நோட்டுகள்,
ஒவ்வொன்றிலும் ஊக்கு குத்திய துளை.
ஆடுகிறவன் மாராப்பில் யார் யாரோ குத்திவிட்டது.
எண்ணி முடித்தபோது
என் விரலும் மஞ்சள், கார்பன் தாளும் மஞ்சள்.

ரசீதில் காரணம் எழுத விட்டிருக்கும் இடம் சின்னது.
'கொடை' என்று எழுதி அனுப்பினேன்.

கணக்குப் பிரிவிலிருந்து போன்:
'நன்கொடையா மேடம்?'

'இல்ல சார்.
வெறும் கொடை.'